இட்டேரிக்கு எந்தச் சைக்கிள்?

பொங்கல் முடிந்த வாரம், திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு, உக்கடத்தில் ஒரு டீக்கடை முன்னால் மூன்று சைக்கிள்களைச் சாய்த்து வைத்தோம். ஒன்று என்னுடையது. குரோமோலி எஃகுச் சட்டம், இருபத்தேழு கியர், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், பின்கேரியரின் இரு பக்கமும் தண்ணீர் புகாத பைகள். இரண்டாவது, சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பியுடைய அலுமினிய ஹைபிரிட். மூன்றாவது, கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரின் அப்பா ஓட்டிய கருப்பு இருபத்தெட்டு இஞ்ச் சைக்கிள். டீ மாஸ்டர் வெளியே வந்தார். என் வண்டியையும் அலுமினியத்தையும் தாண்டிப் போய் கருப்பு சைக்கிளின் கேரியரை ஒரு இழு இழுத்துப் பார்த்தார். "இதுல ரெண்டு மூட்டை போட்டாலும் தாங்குமுங்க" என்று சொல்லிவிட்டுப் பாலை ஆற்றப் போய்விட்டார்.

ஐம்பதாயிரத்துக்கு மேல் போட்டு வாங்கியவனுக்கு அது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து நாளில் 352 கிலோமீட்டர் ஓட்டினோம். பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், காங்கேயம், சென்னிமலை, ஈரோடு, பவானி, கோபி, சத்தி, அன்னூர் வழியாக மறுபடியும் கோவை. மூவருக்கும் இதுதான் முதல் பல நாள் பயணம். ஞாயிற்றுக்கிழமை மருதமலை அடிவாரம் வரை போய்ப் பொங்கல் வடை தின்றுவிட்டுத் திரும்புவதே அதுவரை எங்கள் சாதனை. மூன்று வண்டிகளின் கம்பெனிப் பெயரும் இந்தக் கட்டுரையில் வராது. ஒரே ஒரு வண்டியை ஐந்து நாள் ஓட்டிவிட்டு ஒரு கம்பெனிக்கே தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. சட்டம், சக்கரம், வால்வு, சீட் ஆகியவற்றின் அமைப்பைப் பற்றிச் சொல்லலாம். அதற்கு இந்தத் தூரம் போதும்.

தடத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி விமர்சனம் இருக்கிறது. தம்பிக்கு வால்பாறை ஆசை. ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். அது இல்லையென்றால் 27 வளைவுகள் உள்ள திம்பம். இரண்டுமே புலிகள் காப்பகத்துக்குள் ஏறும் சாலைகள். லேத்காரர் ஒரே கேள்வியில் முடித்து வைத்தார்: "மாப்ள, ஏறுறது இருக்கட்டும். ஆனை தொரத்துனா இந்தச் சொமையோட எந்த கியர்ல ஓடுவே?" 2008 முதல் டிசம்பர் மாதங்களில் நடக்கும் டூர் ஆஃப் நீலகிரீஸில் ஏராளமான ஆட்கள் சைக்கிளில் மலையேறுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் கூடவே உதவி வண்டியும் மெக்கானிக்கும் மருத்துவரும் வருவார்கள். எங்கள் பின்னால் வரப்போவது லாரி மட்டும்.

எனவே சமவெளி. சமவெளி என்றால் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முடிவிலிருந்து புரட்டாசி வரை அடிக்கும் மேகாத்தை, அதாவது மேற்குக் காற்றை, நம்பித்தான் பல்லடத்திலிருந்து உடுமலை வரை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். அந்த மாதங்களில் சைக்கிளில் மேற்கே வருவது என்பது சுவரைத் தள்ளிக்கொண்டு நடப்பது. மார்கழி, தையில் காற்று திரும்பிவிடும், கிழக்கிலிருந்து வரும். ஆகவே உடம்பு புதிதாக இருக்கும் முதல் மூன்று நாள் எதிர்காற்றில் கிழக்கே போய்விட்டு, களைத்த பிறகு கடைசி இரண்டு நாள் பின்காற்றில் வீடு திரும்புவது என்று திட்டம். இந்த ஒரு முடிவு எங்கள் மூன்று வண்டிகளிலும் இருந்த எல்லா கியர்களையும் விட அதிகம் உதவியது.

பொள்ளாச்சி நான்கு வழிச்சாலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓரத்தில் இடம் இருக்கிறது, நிழல் இல்லை. கிணத்துக்கடவில் பொன்மலைக்குக் கீழே இட்லி தின்றபோதே தம்பியின் முதல் புகார் வந்துவிட்டது: "அண்ணா, ஒவ்வொரு மிதிக்கும் குதிங்கால் பையில இடிக்குதுங்க."

காரணம் எளிது. பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரைக்கும் என் வண்டியில் 46 சென்டிமீட்டர். சுமைப் பயணத்துக்கென்றே செய்யப்படும் சைக்கிள்களில் இந்த நீளத்தை வேண்டுமென்றே கூட்டுவார்கள். தம்பியின் ஹைபிரிட்டில் அது இரண்டரை சென்டிமீட்டர் குறைவு. நகரத்துக்குள் வளைந்து நெளிந்து போக அதுதான் சுகம். ஆனால் கேரியரில் பை தொங்கவிட்டால் காலுக்கும் பைக்கும் சண்டை. பையைப் பின்னால் தள்ளிக் கட்டினோம். கால் தப்பியது. ஆனால் எடை பின் அச்சுக்குப் பின்னால் போய்விட்டதால் இறக்கத்தில் வண்டி வாலாட்ட ஆரம்பித்தது. கடைசியில் கனமான சாமான்களை எடுத்து முன் ஹேண்டில்பார் பையில் திணித்து ஒருவாறு சமன் செய்தோம். கடையில் சைக்கிளை வாங்கும்போது எத்தனை கியர் என்று கேட்கிறோமே தவிர, இந்த 46 சென்டிமீட்டரைக் கேட்பவர் யாருமில்லை. கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் ஒரு அளவு நாடா போதும்.

கருப்பு சைக்கிளில் இந்தச் சிக்கலே எழவில்லை. லேத்காரர் பை எதுவும் வாங்கவில்லை. துணிகளை ஒரு உரச் சாக்கில் சுருட்டி, கேரியரில் படுக்கப்போட்டு, பழைய டியூபை வெட்டிய ரப்பர் நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தார். ஐந்து நாளும் அது ஒரு விரல்கூட நகரவில்லை.

பொள்ளாச்சிக்குப் பிறகு தென்னந்தோப்புகள், பரம்பிக்குளம் ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால், கூடவே தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் பாதயாத்திரைக் கூட்டம். பச்சை வேட்டிப் பெரியவர் ஒருவர் என் வண்டியின் பின்சக்கரத்துப் பல்லடுக்கைக் குனிந்து பார்த்துவிட்டு, "இத்தன பல்லு எதுக்குங்க?" என்றார். மேட்டில் ஏற என்றேன். "மேட்டுல நடந்துரலாமே" என்றார். அவர் நடந்துகொண்டிருந்தது பல்லடத்திலிருந்து.

அந்தக் கேள்விக்கு விடை மறுநாள் தாராபுரம் சாலையில் கிடைத்தது. மேடு இல்லை, ஆனால் எதிர்காற்று. காற்றாலைகளின் முகமெல்லாம் நாங்கள் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தாலே கால் வலித்தது. என் வண்டியில் முன்னால் 48, 36, 26 பற்கள். பின்னால் 11 முதல் 34 வரை ஒன்பது வட்டங்கள். மிகச் சிறிய கியரில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி நகர்வது ஏறக்குறைய 1.65 மீட்டர். அதாவது நடையைவிடச் சற்றே வேகமாக, மூச்சு வாங்காமல் ஊர்ந்து போகலாம். லேத்காரரின் வண்டியில் முன்னால் 44, பின்னால் 18. ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர். காற்று எதிர்த்தால் அது முழங்காலுக்கு வைக்கும் வேட்டு. மனிதர் கிளம்பும் முன்பே கணக்குப் போட்டு, காட்டூரில் தேடிப் பிடித்து 22 பல் ஃப்ரீவீல் ஒன்றை வாங்கி மாற்றியிருந்தார். ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டராகக் குறைந்தது. அந்த ஒரே மாற்றம்தான் அவரைத் தாராபுரம் கொண்டுவந்து சேர்த்தது. இருந்தாலும் முகம் வெளிறிப் போயிருந்தது. கியர் விஷயத்தில் என் வண்டிக்குத்தான் வெற்றி. இதில் அடக்கம் எதற்கு?

ஆனால் அன்று மதியமே என் அகம்பாவம் இறங்கியது. தாராபுரம் தாண்டி, ஊதியூர் மலை தெரியத் தொடங்கும் இடத்தில், தம்பியின் கைப்பேசியில் இருந்த வரைபடச் செயலி நான்கு கிலோமீட்டர் மிச்சமாகும் என்று ஒரு குறுக்குத் தடத்தைக் காட்டியது. போனோம். அது இட்டேரி.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட, ஒரு மாட்டு வண்டி போகும் அகலத்துத் தடம்தான் இட்டேரி. வேலிக்கு அந்தப் பக்கம் கொரங்காடு. கொழுக்கட்டைப் புல் வளர்ந்த மேய்ச்சல் நிலம். நடுநடுவே வெள்வேல மரங்கள், நிழலில் காங்கேயம் மாடுகள். மழை பொய்க்கும் இந்தச் சீமையில் மாட்டையும் ஆட்டையும் நம்பிப் பிழைக்க முன்னோர் கண்ட வழி இது. பார்க்க அவ்வளவு அழகு. தரையில் மட்டும் பார்க்கக் கூடாது. வெள்வேல முள் விரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று கிடக்கும். காற்று ஓய்ந்த அந்த இரண்டு கிலோமீட்டரில் தவிட்டுக்குருவிகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு மெதுவாக மிதித்தேன். பயணத்திலேயே எனக்குப் பிடித்த இரண்டு கிலோமீட்டர் அதுதான். தம்பிக்கு அங்கே மூன்று பஞ்சர்.

ஐந்து நாளில் மொத்தம் ஏழு பஞ்சர். தம்பிக்கு ஐந்து, எனக்கு ஒன்று, கருப்பு சைக்கிளுக்கு ஒன்று. தம்பியின் டயர் 28 மில்லிமீட்டர் அகலம், காற்று 90 பி.எஸ்.ஐ. தார்ச்சாலையில் வழுக்கிக்கொண்டு ஓடும். முள்ளுக்கு அது கனிந்த பழம். என்னுடையது 35 மில்லிமீட்டர், உள்ளே முள் தடுக்கும் ரப்பர் அடுக்கு, காற்று 60 பி.எஸ்.ஐ.யோடு நிறுத்திக்கொண்டேன். அகல டயர் வேகத்தைக் குறைக்கும் என்று கோவையில் பலர் பயமுறுத்தினார்கள். பதினோரு கிலோ சுமையோடு எதிர்காற்றில் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரில் போகிறவனுக்கு எந்த வேகம் குறையப்போகிறது?

மாற்று டியூப் இரண்டும் தீர்ந்த நிலையில் வண்டியை உருட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்து ஒரு பஞ்சர் கடையைப் பிடித்தோம். வேப்ப மரத்தடி, காற்றடிக்கும் கம்ப்ரஸர், தண்ணீர் நிரப்பிய பாதி டிரம். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். டியூபைக் கையில் வாங்கியவர் வால்வை விரலால் உருட்டிப் பார்த்தார். "ஏனுங் கண்ணு, இந்த மூக்கு என்ன இத்தன சன்னமா இருக்குது?"

பிரெஸ்டா வால்வு. பந்தய சைக்கிள்களுக்கு வரும் ஒல்லி வால்வு. அதன் தலையைத் திருகித் திறந்துதான் காற்றடிக்க வேண்டும். நம் ஊரில் பைக், கார் எல்லாவற்றுக்கும் இருப்பது ஷ்ரேடர் வால்வு. கருப்பு சைக்கிளில் இருப்பது ரப்பர் வால்வு டியூப் மாட்டிய பழைய வகை. இந்த இரண்டுக்கும் எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம். பிரெஸ்டாவுக்குச் சுண்டு விரல் நகத்தளவு பித்தளை அடாப்டர் ஒன்று வேண்டும். தம்பியிடம் அது இருந்தது, கோவையில், மேசை டிராயரில். கடைக்காரர் முள்ளைப் பிடுங்கி, அரம் தேய்த்து, ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். சுத்தமான வேலை. காற்றை மட்டும் எங்கள் கைப்பம்பில் நானூறு தடவை மாற்றி மாற்றி அடித்தோம். லேத்காரர் அந்த வால்வைக் கையில் வைத்துக்கொண்டு, "பட்டறை பக்கத்துல இருந்தா பத்து நிமிசம் மாப்ள, கடைஞ்சே குடுத்துருவேன்" என்று புலம்பிக்கொண்டிருந்தார். மூன்று ஒட்டுக்கும் சேர்த்துக் கேட்ட காசைக் கொடுத்தோம். அவர் பேரம் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

இங்கேதான் எனக்கு இந்த விமர்சனத்தின் அளவுகோலே மாறியது. அதுவரை எடை, பல் எண்ணிக்கை, பிரேக் வகை என்று பட்டியல் போட்டு மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் முதல் வரியாக இருக்க வேண்டியது வேறு: இது கெட்டுப்போனால் அடுத்த வேப்ப மரத்தடியில் இருப்பவரால் சரிசெய்ய முடியுமா?

என் வண்டியையும் அந்தத் தராசில் வைத்தேன். காங்கேயத்துக்குள் நுழையும் முன் பின்கேரியரில் கடகடவென்று சத்தம். கேரியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஐந்து மில்லிமீட்டர் போல்ட் ஒன்று அதிர்வில் கழன்று விழுந்துவிட்டது. இருபத்தைந்து கிலோ தாங்கும் என்று எழுதியிருந்த கேரியர், ஒரு ரூபாய் பெறாத போல்ட்டை நம்பித் தொங்கிக்கொண்டிருந்தது. சைக்கிள் கடையில் அந்த அளவு இல்லை. டூ வீலர் மெக்கானிக் ஒருவர் பழைய திருகாணி டப்பாவைக் கவிழ்த்து, பத்து நிமிடம் துழாவி, ஒன்றைக் கண்டுபிடித்தார். லேத்காரர் எதிரே இருந்த ஃபேன்ஸி கடையில் நகப்பூச்சு ஒன்று வாங்கிவந்து, மரையில் தடவி முறுக்கினார். சிவப்பு நிறம். இன்றும் இருக்கிறது, கழலவில்லை. வாங்கியவுடன் எல்லா போல்ட்டிலும் இப்படித் தடவிவிடுவது நல்லது. நிறம் உங்கள் விருப்பம்.

கருப்பு சைக்கிளும் கெட்டுப்போனது. கெடவில்லை என்று எழுதினால் பழையதைப் புகழும் கட்டுரையாகிவிடும். மூன்றாம் நாள், சென்னிமலையிலிருந்து ஈரோடு போகும் வழியில், ஒவ்வொரு மிதிக்கும் 'டொக்' என்று ஒரு தட்டல். பெடல் தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் காட்டர் பின் தேய்ந்துவிட்டது. இந்த வகை சைக்கிள்களின் பரம்பரை நோய் இது. முதலில் வந்த கடையிலேயே புதுப்பின் இருந்தது. கடைக்காரப் பையன் பழையதைச் சுத்தியலால் தட்டி வெளியே எடுத்து, புதியதை அடித்து இறக்கினான். நாங்கள் டீ குடித்து முடிக்கும் முன் வேலை முடிந்தது. என் வண்டியில் அந்த இடத்தில் இருப்பது மூடிய பேரிங். எளிதில் கெடாது. கெட்டால் அதற்கென்று தனிக் கருவி வேண்டும், அந்தக் கருவி கோவையில் இருக்கிறது. எப்போதாவது கெட்டு எங்கும் சரிசெய்ய முடியாதது ஒன்று, அடிக்கடி கெட்டு எங்கும் சரியாவது இன்னொன்று. இரண்டில் எது மேல் என்று ஈரோடு வரும் வரை பேசிக்கொண்டே வந்தோம். தீரவில்லை.

சக்கரத்தில் மட்டும் தீர்ப்புத் தெளிவு. பழைய ரோட்ஸ்டர் சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. ஓட்டுபவரும் சுமையும் பெரும்பாலும் பின்னால்தான் உட்கார்கிறார்கள் என்ற எளிய உண்மையை அந்த எட்டுக் கம்பிகள் சொல்கின்றன. என்னுடையதில் இரு பக்கமும் 36. தம்பிக்கு இரு பக்கமும் 28. நான்காம் நாள் அவருடைய பின்சக்கரம் கோட்டம் விழுந்து ஆடத் தொடங்கியது. கோபியில் ஒருவர் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சாவியால் கம்பிகளைக் கால் சுற்று, அரைச் சுற்று திருகிக் கோட்டம் எடுத்தார். அளவுகோல் எதுவும் இல்லை. கட்டை விரல் நகத்தை ரிம்முக்கு அருகில் பிடித்துக்கொண்டு பார்த்தார், அவ்வளவுதான்.

பிரேக்கைச் சோதிக்கச் சிவன்மலை. காங்கேயத்துக்குப் பக்கம். ஆண்டவன் உத்தரவுப் பெட்டியால் பெயர் பெற்ற கோயில். பக்தர் யாருடைய கனவிலாவது முருகன் வந்து கேட்கும் பொருளை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூசை செய்வார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். பிரெஸ்டா அடாப்டருக்கு உத்தரவாகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மலைப்பாதையில் நான் மிகச் சிறிய கியரில் மணிக்கு ஆறு கிலோமீட்டரில் ஏறினேன். தம்பி நின்று மிதித்து ஏறினார். லேத்காரர் பாதயாத்திரைப் பெரியவர் சொன்னதைச் செய்தார். இறக்கத்தில் தம்பியின் ஹைட்ராலிக் டிஸ்க் இரண்டு விரலுக்குக் கட்டுப்பட்டது. மூன்றிலும் அதுதான் சிறந்த பிரேக், சந்தேகமில்லை. என் கேபிள் டிஸ்க் கீச்சிட்டது, ஆனால் நின்றது. கருப்பு சைக்கிளின் கம்பி பிரேக்கில், கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில் மேல்நோக்கி அழுத்த வேண்டும். அழுத்தின. வண்டி மட்டும் தன் விருப்பப்படி நின்றது. பாதி இறக்கத்தில் அவர் செருப்பையும் சேர்த்துப் பிரேக்காக்கியதைப் பார்த்தேன். மலைப்பக்கம் இந்த வண்டியைக் கொண்டுபோகவே கூடாது. இதில் பழம்பெருமைக்கு இடமில்லை.

சீட்டில் நிலைமை நேர்மாறு. எனக்கு ஜெல் வைத்த மெத்தை சீட், ஜெல் வைத்த கால்சட்டை. இரண்டாம் நாள் மாலையே உட்கார முடியவில்லை. மெத்தை அதிகமானால் எலும்பு அதில் புதைந்து, எடை தாங்கக் கூடாத இடங்கள் எடை தாங்க ஆரம்பிக்கும். கருப்பு சைக்கிளின் சீட் நாற்பது வருடத்துத் தோல். கீழே இரண்டு பெரிய ஸ்பிரிங். லேத்காரருக்கு முழங்கால் வலித்தது, தோள் வலித்தது, உட்காரும் இடம் வலிக்கவில்லை. நான்காம் நாள் ஐந்து கிலோமீட்டர் வண்டியை மாற்றிக்கொண்டோம். திருப்பிக் கொடுக்க மனமில்லை.

மூன்றாம் நாள் இரவு பவானி. லாட்ஜ்காரர் சைக்கிளை அறைக்குள் விட மறுத்து, தானே வரவேற்பறைச் சோபாவை நகர்த்தி இடம் செய்து கொடுத்தார். சங்கமேசுவரர் கோயிலுக்குப் போகும் முன் காலிங்கராயன் அணையைப் பார்த்தோம். 13ஆம் நூற்றாண்டில் பவானி ஆற்றிலிருந்து வெட்டிய வாய்க்கால். பாம்பு வழிகாட்டியதால்தான் வளைந்து வளைந்து போகிறது என்று கதை சொல்வார்கள். அந்த வளைவுகளைப் பார்த்த லேத்காரருக்கு வேறு கருத்து: "மேடு வந்தா சுத்திப் போயிருக்கறாங்க மாப்ள. கியர் இல்லாத வண்டிக்கு இதுதான் ரூட்டு."

வாய்க்கால் கரைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மறுநாள் கோபிக்குப் பக்கம் செயலி மறுபடியும் ஒரு கரைத்தடத்தைக் காட்டியது. முதல் மூன்று கிலோமீட்டர் சொர்க்கம். வலப்பக்கம் நெல் வயல், இடப்பக்கம் தண்ணீர், தலைக்கு மேல் தென்னை. அதற்குப் பிறகு ஒரு உடைந்த மதகு. வரைபடத்தில் கோடு தொடர்கிறது, தரையில் கரை தொடரவில்லை. பதினான்கு கிலோ வண்டி, பதினோரு கிலோ பை. தலைக்கு மேல் தூக்கிக் கடந்தோம். இருபது கிலோவுக்கு மேல் இருக்கும் கருப்பு சைக்கிளை மூன்று பேரும் சேர்ந்து தூக்கினோம். அன்றிலிருந்து ஊர்ப் பெயர்களை வரிசையாக ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கைப்பேசித் திரையை அணைத்து வைத்ததில் சார்ஜும் மாலை வரை நின்றது. வழி கேட்டால் மோர் கிடைக்கும் என்பது கூடுதல் வசதி. செயலியில் அது இல்லை.

சத்தி போகும் சாலையில், பள்ளி விடும் நேரம், பின்னாலிருந்து மணி அடித்துக்கொண்டு ஒரு மாணவி எங்களைத் தாண்டினாள். அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி. முன்னால் கூடை, பின்னால் இன்னொரு பிள்ளை. 2001-02இல் மாணவியருக்கென்று தொடங்கி, பிறகு பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கும் விரிந்த திட்டம். கியர் கிடையாது. தாண்டிப் போனவள் வேகத்தைக் குறைத்து எங்கள் பைகளைப் பார்த்தாள்.

"எங்கிருந்துங்க வர்றீங்க?"

"கோயமுத்தூருங்க கண்ணு."

"சைக்கிள்லயேவா? ஏனுங்க, பஸ் இல்லீங்களா?"

பின்னால் உட்கார்ந்திருந்தவள் சிரித்ததில் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. அடுத்த திருப்பத்தில் ஒரு மண் தடத்தில் இறங்கிப் போய்விட்டார்கள். அந்த வண்டியையும் நான் ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போட்டிருக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் பெரிய குறை அதுதான்.

கடைசி நாள் சத்தியிலிருந்து புளியம்பட்டி, அன்னூர் வழியாகக் கோவை. ஈரோடு இருக்கும் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உயரத்தில், கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது கோவை. ஆகவே வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத மேடு. ஆனால் கணக்குப் போட்டபடியே கீழ்க்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. ஐந்து நாளில் முதல் முறையாக மணிக்குப் பதினேழு கிலோமீட்டர். புளியம்பட்டியில் அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் கிடைத்ததால் அங்கே ஒரு மணி நேரம் போய்விட்டது. மூன்று மணிக்குக் கணபதி வந்து, பட்டறை வாசலில் வண்டியைச் சாய்த்தோம். லேத்காரர் கைகால் கழுவவில்லை. நேரே உள்ளே போய் ஒரு பித்தளைத் துண்டை எடுத்து லேத்தில் மாட்டினார். அடாப்டர் செய்யப் பத்து நிமிடம் என்றவருக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. இரண்டு செய்தார். ஒன்று தம்பிக்கு. இன்னொன்று அடுத்த வாரம் தாராபுரம் போன ஒரு சொந்தக்காரர் கையில் அந்த வேப்ப மரத்தடிக் கடைக்குப் போனது.

இனித் தீர்ப்பு. மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் என் வண்டியைத்தான் எடுப்பேன். சட்டமும் கியரும் டயரும் கொடுத்த காசுக்குத் தகும். ஆனால் மூன்று மாற்றங்களோடு: ஜெல் சீட் போய் ஸ்பிரிங் வைத்த தோல் சீட், பின்சக்கரத்துக்கு 40 கம்பி கிடைத்தால் 40, பைக்குள் ஐந்து மில்லிமீட்டர் போல்ட் ஆறு. என் டியூபில் ஏற்கெனவே ஷ்ரேடர் வால்வுதான். அது என் புத்திசாலித்தனம் இல்லை, வாங்கும்போதே அப்படி வந்தது. ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் புது வண்டி வாங்க வேண்டியதில்லை. அகல டயரும் அடாப்டரும் முன்பக்கப் பையும் போட்டால் இந்தத் தடத்துக்குப் போதும். ரிம்மில் 6.5 மில்லிமீட்டர் துளையை 8.5 ஆகப் பெரிதாக்கி ஷ்ரேடர் டியூப் மாட்டலாம் என்று லேத்காரர் சொல்கிறார். ஒல்லி ரிம்மில் நான் அதைச் செய்யத் துணிய மாட்டேன். கருப்பு சைக்கிள், 22 பல் ஃப்ரீவீலோடு, சமவெளிக்கு இன்றும் நம்பலாம். அதைத் தயார் செய்ய அவருக்கு ஆன மொத்தச் செலவு மூவாயிரத்து இருநூறு ரூபாய். அதில் டயர் இரண்டும் அடக்கம்.

போக நினைப்பவர்கள் மாசி முடிவதற்குள் போய்விடுங்கள். பங்குனியில் வெயில் ஏறிவிடும், வைகாசி கடைசியில் மேகாத்து எழுந்துவிடும். அப்போது கிளம்பினால் இந்தச் சுற்றை அன்னூர் பக்கம் தொடங்கித் தலைகீழாக ஓட்டாமல், பல்லடம் வழியாகக் கிழக்கே ஒரே போக்காகக் கரூர் வரை ஓட்டி, சைக்கிளை ரயிலில் போட்டுக் கொண்டுவாருங்கள்.